சிக்யூ போட்டிக்கு முன் ஒரு மாலை: கேள்வி பதில்

அக்டோபர் மாதத்தின் கடைசி முழு வார இறுதியில் சிக்யூ வேர்ல்டு வைடு டிஎக்ஸ் குரல் போட்டி: உலகெங்கும் உள்ள ஹாம்கள், அதாவது உரிமம் பெற்ற பொழுதுபோக்கு ரேடியோக்காரர்கள், ஒருவரையொருவர் ரேடியோவில் பிடித்துப் புள்ளி சேர்க்கும் போட்டி. நம் நேரப்படி சனி காலை 5.30-க்குத் தொடங்கி திங்கள் காலை 5.29 வரை 48 மணி நேரம். அதற்கு முன் ஒரு மாலை உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொல்வதாக ஒப்புக்கொண்டேன். எனக்குத் தெரிந்தது ஷார்ட்வேவ் குரல் போட்டி மட்டும்தான்.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. இது வடகிழக்குப் பருவமழைக் காலம். தூரத்தில் இடி கேட்டாலே ஆன்டெனா கேபிளை ரேடியோவிலிருந்து கழற்றிவிடுங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, கேபிளையே கழற்றுங்கள். இதை இன்றைக்கு இன்னும் சில முறை சொல்வேன்.

திருநெல்வேலி, புது உரிமக்காரர்: சார், வியூ3 என்று தொடங்கும் கால்சைன் (ரேடியோவில் நம் அடையாளப் பெயர்) வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. போட்டியில் என்ன பேச வேண்டும்? நடுவில் பேச்சு வராமல் நின்றுவிட்டால்?

பேச ஒன்றுமே இல்லை தம்பி. 15 மீட்டர் பேண்டில் (அலைவரிசையில்) ஒரு இத்தாலிக்காரர் "சிக்யூ கான்டெஸ்ட்", அதாவது போட்டிக்கு யாராவது வாருங்கள் என்று கூவிக்கொண்டிருக்கிறார் என்று வையுங்கள். உடனே மைக்கைத் தொடாதீர்கள். அவர் இரண்டு பேரை முடிக்கும்வரை கேளுங்கள். அவர் கால்சைன் என்ன, எந்த வேகத்தில் போகிறார், எப்போது இடைவெளி விடுகிறார் என்று காதில் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த இடைவெளியில் உங்கள் கால்சைனை முழுதாக, ஒரே ஒரு முறை சொல்லுங்கள்: "விக்டர் யூனிஃபார்ம் த்ரீ" என்று தொடங்கிக் கடைசி எழுத்து வரை. அவர் அதைத் திருப்பிச் சொல்லி, "ஃபைவ் நைன் ஒன் ஃபைவ்" என்பார். நீங்கள் "தேங்க் யூ, ஃபைவ் நைன் டூ டூ" என்கிறீர்கள். அவர் நன்றி சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுவார். மொத்தம் பத்து விநாடிகூட ஆகாது. பேச்சு வராமல் நிற்பதற்கு அதில் நேரமே இல்லை.

ஃபைவ் நைன் என்பது சிக்னல் எப்படிக் கேட்கிறது என்ற அறிக்கை. முதல் எண் தெளிவு, இரண்டாவது பலம்; 59-தான் உச்சம். அடுத்து வருவது மண்டல எண். போட்டிக்காக உலகத்தை 40 மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். இந்தியா, இலங்கை, நேபாளம், மாலத்தீவு எல்லாம் 22. அந்தமான் மட்டும் 26.

இன்னொன்று. உரிமம் வாங்கி மூன்று வருஷத்துக்குள் இருப்பவர்களுக்கு ரூக்கி என்று தனி வரிசை உண்டு. லாக், அதாவது பிடித்தவர்களின் பட்டியல், அனுப்பும்போது குறிப்பிட மறக்காதீர்கள். எந்த பேண்டு, எத்தனை வாட் என்பது உங்கள் உரிமத்தில் உள்ளபடி.

சேலம்: பாவ்ஃபெங் கையடக்க ரேடியோ வைத்திருக்கிறேன். கலந்துகொள்ளலாமா?

முடியாது. போட்டி நடப்பது 160, 80, 40, 20, 15, 10 மீட்டர் பேண்டுகளில். உங்கள் ரேடியோ அங்கே போகாது.

கோவை, கல்லூரி மாணவி: அண்ணா, என் ஆங்கிலம் சுமார்தான். வெளிநாட்டுக்காரர்கள் வேகமாகப் பேசினால் புரியாது. சிரிப்பார்களோ என்று பயமாக இருக்கிறது.

இன்றைய நல்ல கேள்வி இதுதான் அம்மா. எதிரில் இருக்கும் ஜப்பான்காரருக்கும் ஸ்பெயின்காரருக்கும் ஆங்கிலம் சுமார்தான். தேவைப்படுவது ஏ முதல் இஸட் வரை எழுத்துக்கு ஒன்றாக ஆல்ஃபா முதல் ஸூலு வரை 26 சொற்கள், பூஜ்யம் முதல் ஒன்பது வரை பத்து எண்கள், "எகெய்ன்", "தேங்க் யூ". அவ்வளவுதான். கடைக்குப் போய்ச் சாமான் வாங்கக்கூட இதைவிட அதிகம் பேச வேண்டும்.

நம் நாக்குக்கு இரண்டு இடத்தில் வழுக்கும். ஒன்று, எண்களைச் சேர்த்துச் சொல்வது. "ஃபோர்ட்டீன்" என்றால் 14, அது மேற்கு ஐரோப்பா. "ஃபோர்ட்டி" என்றால் 40, அது ஐஸ்லாந்து, கிரீன்லாந்து பக்கம். இரைச்சலில் இரண்டும் ஒன்றுபோலவே விழும். அதனால் எப்போதும் தனித்தனியாக, "ஒன் ஃபோர்", "ஃபோர் ஜீரோ" என்றே கேட்கவும் சொல்லவும் பழகுங்கள். இரண்டாவது, 'ஃப' ஒலியை 'ப' ஆக்கிவிடுவது. "பாக்ஸ்ட்ராட்" என்று சொன்னால் எதிரில் இருப்பவர் எஃப்-க்குப் பதில் பி, அதாவது பாப்பா என்று எழுதிவிடலாம். பேருந்தில் போகும்போது எதிரே வரும் வண்டி நம்பர் பிளேட்டுகளைப் படியுங்கள். தமிழ்நாட்டு வண்டி எல்லாம் டேங்கோ நவம்பர். ஒரே வாரத்தில் பழகிவிடும்.

யாரும் சிரிக்க மாட்டார்கள். ஐரோப்பாக்காரர்களுக்கு 22-ஆம் மண்டலம் எளிதில் கிடைப்பதில்லை. உங்களைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

யாழ்ப்பாணம்: அண்ணை, நாங்கள் ஃபோர் எஸ் செவன், இலங்கைக் கால்சைன். இந்தியாவோட கதைச்சால் புள்ளி வருமோ?

வரும் தம்பி, ஒரு புள்ளி. ஒரே கண்டம், வேறு நாடு என்றால் ஒன்று. வேறு கண்டம் என்றால் மூன்று. சொந்த நாடு என்றால் பூஜ்யம். ஆனால் அந்தப் பூஜ்யத்துக்கும் பயன் உண்டு, கீழே சொல்கிறேன்.

மதுரை: மல்டிப்ளையர் என்று ஏதோ சொல்கிறார்களே, கணக்கு புரியவில்லை.

புள்ளிகளைக் கூட்டி, அதை மல்டிப்ளையரால் பெருக்க வேண்டும். ஒவ்வொரு பேண்டிலும் முதல்முறை பிடிக்கும் ஒவ்வொரு நாடும் ஒன்று, ஒவ்வொரு மண்டலமும் ஒன்று. உங்களிடம் 600 புள்ளி, 120 மல்டிப்ளையர் இருந்தால் 72,000. இப்போது இன்னொரு ஜெர்மானியரைப் பிடிக்கிறீர்கள், ஜெர்மனி ஏற்கெனவே கையில் இருக்கிறது: 603 பெருக்கல் 120, அதாவது 360 ஏறுகிறது. அதே நேரத்தில் அந்த பேண்டில் இதுவரை கிடைக்காத ஒரு ஆப்பிரிக்க நாட்டைப் பிடித்தால் 603 பெருக்கல் 121. ஏறுவது 963. ஆகவே பலவீனமாகக் கேட்கும் புது நாட்டுக்காக ஐந்து நிமிஷம் நிற்கலாம், அரை மணி நேரம் நிற்கக் கூடாது. நான் நின்றிருக்கிறேன்.

சொந்த நாட்டுக்காரரிடம் புள்ளி இல்லாவிட்டாலும் முதல் ஆள் மல்டிப்ளையர் தருவார். ஒவ்வொரு பேண்டிலும் ஒரு இந்தியரைப் பிடித்து வையுங்கள். போதும்.

கண்டக் கணக்கில் ஒரு வேடிக்கை. இந்தோனேசியாவும் பிலிப்பைன்ஸும் இந்தக் கணக்கில் ஓசியானியா, மூன்று புள்ளி. அவற்றைவிடத் தூரத்தில் இருக்கும் ஜப்பான் ஆசியா, ஒரே புள்ளி. காலையில் ஜப்பான்காரர்கள் வரிசை கட்டுவார்கள். சந்தோஷமாகத்தான் இருக்கும், ஸ்கோர் மட்டும் நகராது.

திருச்சி, மூத்த அன்பர்: முப்பது வருஷமாக ரேடியோவில் இருக்கிறேன். கேட்காத சிக்னலுக்கெல்லாம் 59 என்று சொல்வது பச்சைப் பொய் இல்லையா? மூன்று தடவை கால்சைனைத் திரும்பக் கேட்டுவிட்டு "யூ ஆர் ஃபைவ் நைன்" என்கிறார்கள். இதற்குப் பெயர் போட்டியா?

ஐயா, இதை எதிர்பார்த்தேன். தெருவில் பார்த்தவர் "சௌக்கியமா?" என்றால் "சௌக்கியம்" என்கிறோம். முழங்கால் வலியையும் சர்க்கரை அளவையும் சொல்வதில்லை. 59 அந்தச் சௌக்கியம்தான்.

நானும் முதல் போட்டியில் நேர்மையாக இருந்து பார்த்தேன். ஒரு பல்கேரியருக்கு "ஃபோர் செவன் டூ டூ" என்றேன். அவர் "ஜோன் ஃபோர் செவன்?" என்றார். இல்லை, அது ரிப்போர்ட் என்றேன். "ரிப்போர்ட் எகெய்ன்?" என்றார். இப்படியே முக்கால் நிமிஷம் போயிற்று. பின்னால் காத்திருந்தவர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பது எனக்குக் கேட்காமல் போனது நல்லது.

திருச்சி: அப்படியானால் அதை எடுத்துவிட வேண்டியதுதானே? மண்டலத்தையும் லாக் எழுதும் சாஃப்ட்வேரே கால்சைனைப் பார்த்து நிரப்பிவிடுகிறது. கடைசியில் கால்சைனைத் தவிர எதைத்தான் பரிமாறிக்கொள்கிறீர்கள்?

இது சரியான அடி. மார்ச் மாதம் நடக்கும் டபிள்யூபிஎக்ஸ் போட்டியில் மண்டலத்துக்குப் பதில் வரிசை எண். முதல் தொடர்புக்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு. அதை எந்தச் சாஃப்ட்வேரும் ஊகிக்க முடியாது, காதால்தான் வாங்க வேண்டும். அந்த வகையில் அது இதைவிட நேர்மையான போட்டி என்று ஒப்புக்கொள்கிறேன்.

தஞ்சாவூர்: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 59 வீண் இல்லை. அந்த இரண்டு சொல் ஓடும் நேரத்தில்தான் காது அந்தக் குரலுக்குப் பழகுகிறது. அடுத்து வரும் எண் தெளிவாக விழுகிறது. பாட்டுக்கு முன் சுருதி போல.

ஆமாம், இதை நானே சொல்லியிருக்க வேண்டும்.

திருச்சி: சுருதி சேராத பாட்டுக்குச் சுருதிப்பெட்டி எதற்கு?

சென்னை: ஐயா, உங்கள் காலத்தில் மட்டும் எல்லோரும் நிஜ ரிப்போர்ட்டா கொடுத்தார்கள்?

திருச்சி: கொடுத்தோம். 33 கொடுத்து நட்பை இழந்தவர்களும் உண்டு.

சரி, போதும். இதற்குள் ஒன்பது கேள்வி சேர்ந்துவிட்டது.

ஈரோடு: எந்த ஆன்டெனா வாங்கலாம்? இடம் மொட்டை மாடி மட்டும்தான்.

வாங்க வேண்டாம், கட்டுங்கள். 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் டைபோல் என்ற இரண்டு கைக் கம்பி ஆன்டெனாவின் மொத்த நீளம் மீட்டரில் வரும். 40 மீட்டர் பேண்டின் 7.1-க்கு ஏறக்குறைய 20 மீட்டர், ஒரு கைக்குப் பத்து. நடுவில் ஒரு பிவிசி குழாயில் தூக்கிக் கட்டி, இரண்டு முனையையும் நைலான் கயிற்றால் சரிவாக இறக்குங்கள். 7.1-இன் மூன்று மடங்கு 21.3 என்பதால் அதே கம்பி 15 மீட்டரிலும் வேலை செய்யும். ஒரு கம்பியில் இரண்டு பேண்டு. நீளத்தைக் கொஞ்சம் கூடுதலாக விட்டு, எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா ரேடியோவோடு பொருந்துகிறதா என்று காட்டும் அளவு) பார்த்து நறுக்குங்கள். நறுக்கியதை ஒட்ட முடியாது.

இபி கம்பி பக்கம் போகவே கூடாது. குழாய் சாய்ந்தால் எங்கே விழும் என்று முதலில் பாருங்கள். அந்த வட்டத்துக்குள் இபி கம்பி இருந்தால் வேறு இடம் தேடுங்கள். இடி வந்தால் கேபிளைக் கழற்றுங்கள்.

நாகர்கோவில்: எந்த நேரத்தில் எந்த பேண்டு?

தென்கோடியிலிருந்து நான் பார்த்தவரை: விடியலில் 40-இல் ஐரோப்பா இன்னும் இருட்டில் இருப்பதால் கொஞ்சம் கிடைக்கும். காலை எட்டு மணிக்கு மேல் 15, 10-இல் ஜப்பான், இந்தோனேசியா, ஆஸ்திரேலியா. மத்தியானச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு 10 மீட்டரில் ஐரோப்பா திறந்தால் இருட்டும்வரை எழுந்திருக்க முடியாது. சாயங்காலம் ஆறுக்கு மேல் 15-இல் அமெரிக்கக் கிழக்குக் கரை, அவர்களுக்கு அது காலை. இரவில் 20, அப்புறம் 40.

அமெரிக்கர்களைப் பிடிக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அவர்களுக்குக் குரல் அனுமதி 20 மீட்டரில் 14.150 மெகாஹெர்ட்ஸுக்கு மேல், 15-இல் 21.200-க்கு மேல், 10-இல் 28.300-க்கு மேல்தான். நீங்கள் 14.130-இல் நின்று "சிக்யூ நார்த் அமெரிக்கா" என்று தொண்டை கிழியக் கத்தினாலும் அவர்கள் பதில் சொல்ல முடியாது. கேட்டுக்கொண்டு சும்மா இருப்பார்கள்.

வேலூர்: பாவ்ஃபெங்கில் பெரிய ஆன்டெனா மாட்டினால்?

மேலே சேலத்துக்குச் சொன்னதே.

புதுச்சேரி: க்ளஸ்டர் பார்க்கலாமா? இணையத்தில் இருக்கும் வெளிநாட்டு ரிசீவரில் கேட்டுப் பதில் சொல்லலாமா?

க்ளஸ்டர், அதாவது யார் எந்த இடத்தில் கேட்கிறார் என்று இணையத்தில் ஓடும் பட்டியல், பார்த்தால் அசிஸ்டட் (உதவி பெற்றவர்கள்) பிரிவில் சேருங்கள். இரண்டாவது கூடாது. உங்கள் டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் 500 மீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் இருக்க வேண்டும். போட்டிக்கு முன் கேட்டுப் பழக அந்த ரிசீவர்கள் அருமையானவை.

கரூர்: லைசன்ஸ் எப்படி எடுப்பது?

இன்று நான்காவது முறை. மத்தியத் தகவல்தொடர்பு அமைச்சகத்தின் டபிள்யூபிசி பிரிவு தேர்வு நடத்துகிறது. உங்கள் ஊரில் உள்ள ஹாம் சங்கத்தைப் பிடியுங்கள்.

திண்டுக்கல்: தொண்டை தாங்குமா?

தாங்காது. சிக்யூ சொல்வதை ரெக்கார்ட் செய்து கம்ப்யூட்டரைச் சொல்லவிடுங்கள். சுக்கு, பனங்கற்கண்டு, ஃபிளாஸ்கில் வெந்நீர். என் மேஜைக்கு அடியில் பழைய தையல் மிஷின் மோட்டார் பெடல் இருக்கிறது, அதுதான் மைக் ஸ்விட்ச். கை இரண்டும் கீபோர்டில் இருக்கும்.

விழுப்புரம்: லாக்கில் தவறு இருந்தால் கண்டுபிடிப்பார்களா?

கண்டுபிடிப்பார்கள். போட்டி முடிந்து ஐந்து நாளுக்குள் எல்லோரும் அனுப்பும் லாக்குகளை ஒன்றோடொன்று ஒப்பிடுகிறார்கள். கால்சைனில் ஒரு எழுத்து தப்பினாலும், எதிராளியின் லாக்கில் நீங்கள் இல்லாவிட்டாலும் அந்தத் தொடர்பு போய்விடும். அதற்கு மேல் அபராதமாகவும் புள்ளி கழியும்.

திருச்சி ஐயா கேட்டதற்கும் இதில்தான் என் பதில் இருக்கிறது. ஒரு வருஷம் ஞாயிறு இரவு, தூக்கக் கலக்கம். 15 மீட்டரில் ஒரு அமெரிக்கர் வந்தார். கால்சைனில் எண் 4. திரையில் மண்டலம் 5 என்று தானாக விழுந்தது. அவர் என்ன சொன்னார் என்பது காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை. என்டரைத் தட்டினேன். பிறகு வந்த சரிபார்ப்பு அறிக்கையில் அந்த வரி கழிந்திருந்தது: அவர் சொன்னது 3. பழைய கால்சைனையே வைத்துக்கொண்டு மேற்குக் கரைக்கு வீடு மாறிய ஆள். அமெரிக்காவில் 3, 4, 5 என்று மூன்று மண்டலம், கால்சைன் எண்ணை வைத்து முடிவு செய்ய முடியாது. சாஃப்ட்வேர் நிரப்பியதை அப்படியே விட்டவன் நான். ஆக, 59 பொய் என்றால் நான் எழுதிய 5 அதைவிடப் பெரிய பொய்.

ஆம்பூர்: கம்ப்யூட்டர் வழியாக நடக்கும் எஃப்டி8-இல் கலந்துகொள்ளலாமா?

குரல் போட்டி.

அரக்கோணம்: பாவ்ஃபெங்...

அடுத்தது.

திருச்சி: தம்பி, கடைசியாக ஒன்று. நானும் இந்த முறை வரலாம் என்று இருக்கிறேன். என்னைப் பிடித்தால் தயவுசெய்து 59 சொல்லாதீர்கள். எப்படிக் கேட்கிறதோ அதைச் சொல்லுங்கள்.

ஐயா, நீங்களும் வியூ, நானும் வியூ, ஒரே நாடு. உங்களிடம் எனக்கு ஒரு புள்ளிகூடக் கிடையாது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு 40 மீட்டரில் கூப்பிடுகிறேன். நிஜ ரிப்போர்ட் தருகிறேன், 33 என்றாலும்.