பஸ் பதிவானது, நிறுத்தங்கள் எங்கே போயின?

கேள்வி: ஐயா, கடலூர்–புதுச்சேரி பஸ் வழித்தடங்களுக்காக ஜாங்கோவில் (பைத்தான் மொழியில் வலைச் செயலி எழுத உதவும் சட்டகம்) ஒரு வலைச் செயலி செய்துவருகிறேன், என் இறுதியாண்டுத் திட்டப்பணி அது. வழித்தடம் ஒரு மாடல் (தரவுத்தளத்தில் ஓர் அட்டவணை), நிறுத்தம் ஒரு மாடல், இடையே ‘மெனி டு மெனி’ உறவு, அதாவது ஒரு வழித்தடத்துக்குப் பல நிறுத்தங்கள், ஒரு நிறுத்தத்துக்குப் பல வழித்தடங்கள். படிவத்தில் ஆறு நிறுத்தங்களை டிக் செய்து சேமித்தால் வழித்தடம் பதிவாகிறது. நிறுத்தம் ஒன்றுகூட இல்லை. பிழைச்செய்தியும் வருவதில்லை. பதிவு செய்தவர் பெயரையும் சேர்க்க வேண்டும் என்பதால், படிவத்தைச் சேமிக்கும் ‘ஃபார்ம்.சேவ்’ வரியில் ‘கமிட்=ஃபால்ஸ்’ (இப்போதே தரவுத்தளத்தில் எழுதாதே) கொடுத்திருக்கிறேன். எங்கே தவறு?
– கல்லூரி மாணவி, மஞ்சக்குப்பம்

பதில்: அந்த ‘கமிட்=ஃபால்ஸ்’தான் காரணம். அதை எழுதியது தவறில்லை. அதன் பிறகு எழுத வேண்டிய ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது.

ரெட்டிச்சாவடியில் பல பஸ்கள் நிற்கின்றன. ஒரே பஸ் ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம் என்று நின்று நின்று போகிறது. இந்தத் தொடர்பு உங்கள் இரண்டு அட்டவணைகளில் எதிலும் இல்லை. ஜாங்கோ நடுவில் மூன்றாவதாக ஓர் அட்டவணையை உருவாக்கியிருக்கிறது. தரவுத்தளத்தைத் திறந்து அதைக் கண்ணால் பாருங்கள். வழித்தடம் 14, நிறுத்தம் 3. வழித்தடம் 14, நிறுத்தம் 7. இப்படி எண் சோடிகள்தாம் இருக்கும். அந்த 14 எப்போது பிறக்கிறது? வழித்தடம் தரவுத்தளத்தில் ஏறிய பிறகு. ‘கமிட்=ஃபால்ஸ்’ என்றால் இன்னும் ஏறவில்லை என்று பொருள். எண்ணே இல்லாத வழித்தடத்துக்கு நிறுத்தத்தை எப்படி முடிச்சுப் போடுவது? ஆகவே ஜாங்கோ அந்த வேலையை ஒத்திவைத்து, படிவத்தில் ‘சேவ்_எம்2எம்’ (எம்2எம் என்பது மெனி டு மெனி) என்ற மெத்தடைச் சேர்த்துவிட்டுக் காத்திருக்கிறது. வழித்தடத்தைச் சேமித்த அடுத்த வரியில் ‘ஃபார்ம்.சேவ்_எம்2எம்()’ என்று அழையுங்கள். ஆறு நிறுத்தங்களும் வந்துவிடும்.

நான் இதைவிட எளிய வழியையே விரும்புகிறேன். படிவம் செல்லுபடியாகும் என்று உறுதியானதும், படிவம் கையில் வைத்திருக்கும் வழித்தடமான ‘ஃபார்ம்.இன்ஸ்டன்ஸ்’ என்பதிலேயே பதிவு செய்தவரை வைத்துவிட்டு, ‘ஃபார்ம்.சேவ்()’ என்று ஒரே முறை சேமியுங்கள். ஒத்திவைப்பும் இல்லை, மறதிக்கு இடமும் இல்லை. சேமிக்கும் வரிகளை ‘எல்லாம் எழுதப்படும், இல்லையேல் எதுவும் எழுதப்படாது’ என்று உறுதிசெய்யும் ‘டிரான்ஸாக்‌ஷன்.அடாமிக்’ தொகுதிக்குள் வைத்தால், நடுவில் ஏதேனும் முறிந்தாலும் நிறுத்தமில்லாத பஸ் மிஞ்சாது.

இதே குழியை நான் வேறு பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். புதுச்சேரியில் ஒரு சிறிய அலுவலகத்துக்காக, புதிய வழித்தடம் பதிவானதும் நிறுத்தப் பட்டியல் மின்னஞ்சலில் போகும்படி, ஒரு பதிவு சேமிக்கப்பட்டதும் ஜாங்கோ எழுப்பும் ‘போஸ்ட்_சேவ்’ சிக்னலில் எழுதினேன். ஒவ்வொரு மின்னஞ்சலும் வெறும் பட்டியலோடு போனது. அந்தச் சிக்னல் ஒலிக்கும்போது நடு அட்டவணையில் எதுவும் எழுதப்பட்டிருக்காது. நடு அட்டவணை மாறுவதைச் சொல்வதற்கென்று இருப்பது ‘எம்2எம்_சேஞ்ச்ட்’ சிக்னல்.

இன்னொன்று கேட்காமல் இருக்க முடியவில்லை: தவளக்குப்பம் முன்னா, அரியாங்குப்பம் முன்னா என்பது உங்கள் செயலிக்குத் தெரியுமா? டிக் அடித்த படிவம் வரிசையைச் சொல்லாது. பஸ் ஏறுபவருக்கு வரிசைதான் எல்லாம். நடு அட்டவணையை நீங்களே ஒரு மாடலாக எழுதி, ‘எத்தனையாவது நிறுத்தம்’ என்று ஒரு புலம் வைத்து, ‘த்ரூ’ மூலம் இணையுங்கள். அப்போது டிக் பெட்டிகளை விட்டுவிட்டு, ஒவ்வொரு நிறுத்தத்தையும் அதன் வரிசை எண்ணோடு நீங்களே பதிய வேண்டும். நிறுத்தத்தை வழித்தடத்தோடு சேர்க்கும் ‘ஆட்’ மெத்தடை அழைக்கும்போது ‘த்ரூ_டிஃபால்ட்ஸ்’ என்று அந்த எண்ணைக் கொடுக்கலாம், ஜாங்கோ 2.2 முதல் இது உண்டு. கூடுதல் வேலைதான், ஆனால் திட்டப்பணியில் இதைச் செய்துவிடுங்கள்.

கேள்வி: ஜாங்கோவில் வழித்தடத்தைத் திருத்தும்போது ‘ஆட்’ எழுதினேன். நீக்கிய நிறுத்தம் அப்படியே நிற்கிறதே?
– வாசகர், அரியாங்குப்பம்

பதில்: ‘ஆட்’ சேர்க்க மட்டுமே செய்யும். ஏற்கெனவே இருக்கும் நிறுத்தத்தைக் கொடுத்தால் இரண்டாவது முறை எழுதாது, ஆனால் எதையும் நீக்காது. ‘செட்’ எழுதுங்கள். அது பழைய பட்டியலோடு ஒப்பிட்டு, விட்டுப்போனவற்றை நீக்கி, புதியவற்றை மட்டும் சேர்க்கும்.