சிறைக்குள் கொடுத்த தண்டனையைக் கோர்ட்டில் கேட்கலாமா? வழக்கறிஞர் பதில்கள்

கேள்வி: தம்பி செல்லில் போன் இருந்ததுன்னு மூணு மாசமா மனு பார்க்க (ஜெயிலில் போய்ச் சந்திக்க) விடலை. உள்ளே நடந்ததைக் கோர்ட் விசாரிக்குமா சார்?

விசாரிக்கும் அம்மா. டெல்லி திகார் சிறையில் மரண தண்டனைக் கைதியாக இருந்த சுனில் பத்ரா, இன்னொரு கைதியை சிறை வார்டர் (காவலர்) சித்திரவதை செய்ததை உச்ச நீதிமன்ற நீதிபதிக்குக் கடிதமாக எழுதினார். அந்தக் கடிதமே வழக்கானது. 1979 டிசம்பரில் நீதிபதி கிருஷ்ணய்யர் அமர்வு தீர்ப்பளித்தது: தனிக்கொட்டடி, சலுகை பறிப்பு, தண்டனையாக வேறு சிறைக்கு மாற்றுவது, எதுவானாலும் செஷன்ஸ் நீதிபதியின் பரிசீலனை வேண்டும். அவசரமென்றால் இரண்டு நாளுக்குள் அவருக்குத் தகவல் போக வேண்டும். உங்கள் முதல் கேள்வி இதுதான்: அந்தத் தகவல் எந்தத் தேதியில் போனது?

கேள்வி: போன் அவனுடையது இல்லைன்னு நிரூபிக்க முடியுமா?

அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் போடும் ரிட் மனுவில் அது கஷ்டம். உயர் நீதிமன்றம் மறுவிசாரணை நடத்தாது. முடிவெடுத்த முறையைப் பார்க்கும். குற்றச்சாட்டைச் சொன்னார்களா, அவர் விளக்கத்தைக் கேட்டார்களா, ஆதாரம் என்று ஏதாவது இருந்ததா, குற்றத்துக்கு மீறிய தண்டனையா? ஆகவே "போன் அவனுடையது இல்லை" என்பதைவிட "அவனிடம் விளக்கமே கேட்கவில்லை" என்பதற்கு வலு அதிகம். 1894 சிறைச் சட்டத்தின் 51-ஆவது பிரிவுப்படி தண்டனைப் பதிவேடு இருக்க வேண்டும். கடுமையான சிறைக் குற்றமென்றால் சாட்சிகளின் பெயரும் அதில் இருக்க வேண்டும். ஜெயிலரும் கண்காணிப்பாளரும் சுருக்கொப்பம் இட்டிருக்க வேண்டும். நகல் கேளுங்கள். பாதி வழக்கு அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

கேள்வி: தண்டனை முடிஞ்சே போச்சு. இனிமே எதுக்கு சார்?

பதிவேட்டில் அது முடியவில்லையே. ரெமிஷன் (தண்டனைக் குறைப்பு), பரோல், முன்விடுதலை என்று வரும்போது அந்த ஒரு வரியைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். அதை ரத்து செய்யக் கேளுங்கள்.

கேள்வி: அப்பா பாளையங்கோட்டையில் இருக்கார். வக்கீல் ஃபீஸுக்கு வழியில்லை.

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மனு போட வேண்டும். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள்.

கேள்வி: கேஸ் போட்டா உள்ளே அண்ணனை அடிப்பாங்களோன்னு பயமா இருக்கு.

இந்தப் பயம் நியாயமானது தம்பி. பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் வழக்கறிஞர்களை நியமித்துச் சிறைக்கே அனுப்பியது. செஷன்ஸ் நீதிபதி நேரில் போய்ப் பார்க்க உத்தரவிடும்படி நீங்களும் மனுவிலேயே கேளுங்கள். அதற்கு முன்னால் அண்ணனிடம் பேசுங்கள். உள்ளே இருப்பவர் அவர். இப்போது வேண்டாம் என்றால் காத்திருங்கள்.