மேலாளர் மீது எழுத்தில் புகார் வேண்டாம், பேசி முடித்துக்கொள்ளலாம் என்கிறது எச்.ஆர். சட்டப்படி எனக்கு என்ன உரிமை?

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். கோயம்புத்தூரில் 40 பேர் வேலை செய்யும் அலுவலகம். மேலாளர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று தோளில் கை வைக்கிறார். ராத்திரி வாட்ஸ்அப்பில் "தூங்கியாச்சா?" என்கிறார். பதில் போடாமல் விட்டதும், அப்ரைசல் தன் கையில்தான் இருக்கிறது என்று ஜாடையாகச் சொல்கிறார். எச்.ஆரிடம் போனால், "எழுதிக்கிழுதிக் கொடுத்துடாதீங்க, உட்கார்ந்து பேசிக்கலாம்" என்கிறார்கள்.

நான் வக்கீல் இல்லை. மகளிர் அமைப்பு ஒன்றில் இருக்கிறேன், அந்த வகையில் சில கம்பெனிகளில் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள் புகார் குழுவில் வெளி உறுப்பினராக உட்கார்ந்திருக்கிறேன். என் பதில் ஒன்றுதான்: எழுதிக் கொடுங்கள், சீக்கிரம் கொடுங்கள். எச்.ஆர். நல்ல மனசோடு சொன்னாரா, கம்பெனி பெயரைக் காப்பாற்றச் சொன்னாரா என்ற ஆராய்ச்சியே வேண்டாம். வாயால் சொன்னதைச் சட்டம் புகாராக எடுத்துக்கொள்ளாது. கெடு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தை, அதாவது எல்லோரும் போஷ் என்று சொல்வதை வைத்துப் பார்த்தால், கடைசிச் சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். அதோடு சரி. மேற்கு வங்கத்தில் ஒரு சட்டப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் மீது அங்கே வேலை பார்த்த பேராசிரியர் புகார் கொடுத்தார். கடைசிச் சம்பவம் 2023 ஏப்ரல், புகார் டிசம்பர். நடுவில் தன்னைப் பொறுப்பிலிருந்து நீக்கியதும் அதே துன்புறுத்தலின் தொடர்ச்சிதான் என்று வாதாடினார். அது தனி நிர்வாக முடிவு என்று சொல்லிவிட்டு, காலம் கடந்த புகார் என்பதை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. கூடவே, இந்தத் தீர்ப்பைத் துணைவேந்தர் தன் தன்விவரக் குறிப்பில் சேர்க்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. அதனால் அந்தப் பேராசிரியருக்குக் கிடைத்தது என்ன என்று யோசித்துப் பாருங்கள், விசாரணை கிடைக்கவில்லை. அப்ரைசலில் மார்க் குறையட்டும், அப்புறம் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுப்போம் என்று நீங்கள் காத்திருக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

"பேசிக்கலாம்" என்பதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது, ஆனால் எச்.ஆர். சொல்கிற மாதிரி இல்லை. முதலில் எழுத்துப் புகார் போக வேண்டும். அதன் பிறகு, விசாரணை தொடங்கும் முன், நீங்களாகக் கேட்டால் மட்டுமே குழு சமரசம் பேசலாம். பணம் வாங்கிக்கொண்டு முடிப்பது கூடவே கூடாது. சமரசம் ஆகிவிட்டால் மேற்கொண்டு விசாரணை கிடையாது, அதனால் யோசித்துக் கேளுங்கள்.

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் உள் புகார் குழு இருந்தாக வேண்டும். தலைமை ஒரு மூத்த பெண் ஊழியர், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், வெளியாள் ஒருவர். குழுவே இல்லாத நிறுவனத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். எச்.ஆரிடம் குழு உறுப்பினர்களின் பெயர்களை மெயிலில் கேளுங்கள். அதற்கே பல இடங்களில் பேச்சின் தொனி மாறிவிடும்! குழு இல்லை என்றாலும், முதலாளி மீதே புகார் என்றாலும், 10 பேருக்குக் குறைவான கடை என்றாலும் மாவட்ட அளவில் உள்ளூர் புகார் குழு இருக்கிறது. ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாவட்டச் சமூக நல அலுவலரைக் கேட்டால் வழி சொல்வார்கள். ஜவுளிக்கடை, மருந்துக்கடைப் பெண்களுக்கு இந்தக் குழுவைப் பற்றி யாரும் சொல்வதே இல்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

இனி புகாரை எழுதுவது. "அவர் நடத்தை சரியில்லை, மன உளைச்சல் தருகிறார்" என்று வரும் தாளை வைத்துக்கொண்டு குழு என்னதான் செய்ய முடியும்? எதிரில் இருப்பவர் "நான் கொஞ்சம் கறாரான ஆள், அவ்வளவுதான்" என்று முடித்துவிடுவார். இப்படி எழுதுங்கள்: "மார்ச் 4, செவ்வாய், மாலை 6.40 இருக்கும். ஜிஎஸ்டி ரிட்டர்ன் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்று இடது தோளில் கை வைத்தார். நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டேன். கையை எடுக்கவில்லை. எதிர் சீட்டில் சீனியர் இருந்தார்." நடந்தது நடந்தபடி, உரிச்சொல் எதுவும் இல்லாமல். தேதி உறுதியாக நினைவில்லை என்றால் "மாதக் கணக்கு முடிக்கும் வாரம்" என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ஊகித்துப் போட்ட தேதியைக் குறுக்கு விசாரணையில் பிடித்துக்கொள்வார்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் மட்டும் வைத்துக்கொண்டு போனை மாற்றிவிடாதீர்கள். ஆவேசத்தில் கம்பெனி ஃபைல்களைச் சொந்த மெயிலுக்கு அனுப்பிவிட வேண்டாம், பிறகு உங்கள் மேலேயே மெமோ வரும். புகாரோடு சாட்சிகள் பெயரும் ஆதாரங்களும் சேர்த்து ஆறு பிரதி என்பது விதி. ஒரு பிரதியில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். எழுதத் தடுமாற்றமாக இருந்தால் குழுத் தலைவரே உதவ வேண்டும் என்கிறது சட்டம்.

"தோளைத் தொட்டது ஒரு குற்றமா, அப்பா மாதிரி தட்டிக்கொடுத்தேன்" என்ற வசனம் எப்படியும் வரும். 2025 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு ஐடி நிறுவன வழக்கு கிட்டத்தட்ட உங்களுடையதுதான். மேலதிகாரி பின்னால் ஒட்டி நின்றார், தோளைத் தொட்டார் என்று புகார். வேலையை மேற்பார்வை பார்க்க அப்படித்தான் நிற்க வேண்டும் என்று அவர் பதில். செய்தவர் என்ன நினைத்துச் செய்தார் என்பதல்ல, அந்தப் பெண்ணுக்கு அது விரும்பத்தகாததாக இருந்ததா என்பதே கணக்கு என்று நீதிமன்றம் சொன்னது.

அப்ரைசல் பயத்துக்கும் சட்டத்தில் மருந்து இருக்கிறது. விசாரணை முடியும்வரை மேலாளர் உங்கள் வேலையை மதிப்பிட்டு அறிக்கை எழுதக் கூடாது என்று குழு பரிந்துரைக்க முடியும். அவரையோ உங்களையோ வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லலாம், வழக்கமான விடுப்புக்கு மேல் 3 மாதம் வரை விடுப்பும் தரச் சொல்லலாம். ஆனால் நீங்கள் எழுதிக் கேட்க வேண்டும். கேட்காமல் எந்தக் குழுவும் தானாகத் தந்து நான் பார்த்ததில்லை. விசாரணைக்கு 90 நாள் கெடு. அறிக்கை வந்த 60 நாளுக்குள் நிர்வாகம் நடவடிக்கை எடுக்க வேண்டும். அறிக்கையின் நகல் உங்களுக்கும் உண்டு, திருப்தி இல்லையென்றால் 90 நாளுக்குள் மேல்முறையீடு.

நிரூபிக்க முடியாமல் போனால் பொய்ப் புகார் என்று நம்மையே தண்டிப்பார்களோ என்று எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை. ஆதாரம் போதாமல் போவது வேறு, கெட்ட எண்ணத்தோடு பொய் சொல்வது வேறு என்று சட்டமே பிரித்து வைத்திருக்கிறது. அந்தக் கெட்ட எண்ணத்தையும் தனியாக விசாரித்துத்தான் முடிவு செய்ய முடியும்.

அதே வேலை செய்யும் ஆண் சக ஊழியருக்குச் சம்பளம் அதிகம் என்றும் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். அது உள் புகார் குழுவின் எல்லைக்குள் வராது. சம ஊதியம் தொழிலாளர் துறை விவகாரம், அதைத் தனி மனுவாக அங்கே கொடுங்கள். இரண்டையும் ஒரே தாளில் கலந்தால், "சம்பளப் பிரச்சினைக்காகத்தான் இந்தப் பழி" என்று அவர்களுக்கு வாதம் எடுத்துக் கொடுத்ததாக ஆகிவிடும்.

கையை எடுக்க மறுப்பது, வழியை மறிப்பது என்று விஷயம் முற்றினால் குழுவின் முடிவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 75-ஆம் பிரிவின்படி புகார் கொடுக்கலாம், குழு விசாரணை அது பாட்டுக்கு நடக்கும். 181 என்ற மகளிர் உதவி எண்ணில் பேசினாலும் வழிகாட்டுவார்கள். அதுவரை ராஜினாமாக் கடிதம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.