கணுக்கால் மூட்டு வலிக்கு நுண்துளை அறுவை சிகிச்சை எப்போது பொருத்தமானது?

உங்கள் கேள்வியைப் படிக்கும்போது, கையில் ஓர் எம்.ஆர்.ஐ. அறிக்கையும், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துக்கொள்ளுங்கள் என்ற அறிவுரையும் உங்களிடம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. நான் மருத்துவர் அல்லன். சிறு துளைகள் வழியாகக் கேமராவையும் மெல்லிய கருவிகளையும் மூட்டுக்குள் விட்டுச் செய்யும் இதே சிகிச்சையை (ஆர்த்ரோஸ்கோபி) செய்துகொண்ட உடற்கல்வி ஆசிரியன். மூட்டுக்குள் இன்னதுதான் கோளாறு என்று சுட்டிக்காட்ட முடிந்து, அது இருக்கும் இடமும் வலிக்கும் இடமும் ஒத்துப்போய், சில மாத பிசியோதெரபிக்குப் பிறகும் வலி அடங்காவிட்டால் இது பொருத்தமானது என்பதே என் பதில். உள்ளே கேமராவை விட்டுப் பார்த்தால்தான் எதுவும் தெரியும் என்பது மட்டுமே காரணம் என்றால், இன்னொரு மருத்துவரிடமும் கேட்டுவிடுங்கள்.

வாலிபால் ஆடிய காலத்தில் எனக்கு வலது கணுக்கால் அடிக்கடி சுளுக்கும். பின்னாளில் குந்தி உட்காரும்போதும் படியேறும்போதும் மூட்டின் முன்பக்கத்தில் மட்டும் குத்தும் வலி வந்தது. பக்கவாட்டில் எடுத்த எக்ஸ்ரேயில், கீழ்க்கால் எலும்பின் முன்விளிம்பில் ஒரு முள் போல எலும்பு வளர்ந்திருப்பது தெரிந்தது. பாதத்தை மேல்நோக்கி மடக்கும்போதெல்லாம் அது எதிர் எலும்பில் இடித்தது. கால்பந்து வீரர்களுக்கு அதிகம் வருவதால் இதை அவர்கள் பெயராலேயே அழைப்பதுண்டு. இருந்தும் என் மருத்துவர் உடனே கத்தியை எடுக்கவில்லை. ஒற்றைக்காலில் சமநிலையில் நிற்கும் பயிற்சி, கணுக்காலின் வெளிப்புறத் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி, செருப்பில் சிறிய குதிகால் உயர்த்தி ஆகியவற்றை முதலில் கொடுத்தார். இந்தப் பயிற்சிகளைச் சிகிச்சையாகவே மதிக்காத போக்கு எனக்கு நெடுநாள் வருத்தம். சுளுக்கு ஏற்பட்ட மாணவரை ஒரே வாரத்தில் மைதானத்தில் இறக்கச் சொல்லும் பெற்றோரையும் பள்ளி நிர்வாகங்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பயிற்சி போதாதபோது, மூட்டுக்குள் மரத்துப்போகச் செய்யும் மருந்தை ஊசியால் செலுத்திப் பார்த்தார்கள். சில மணி நேரம் வலி அடியோடு நின்றது. வலியின் ஊற்று மூட்டுக்குள்தான் என்பது உறுதியானது. அதன்பின் முன்பக்கத்தில் இரண்டு சிறு துளைகள் இட்டு, உப்புநீரைப் பாய்ச்சி மூட்டை விரித்து, அந்த எலும்பு வளர்ச்சியைச் சீவி எடுத்தார்கள். இன்று நன்றாகவே குந்தி உட்காருகிறேன். பாதத்தின் மேற்புறத்தில் ஒரு சிறு பகுதி மட்டும் மரத்தே இருக்கிறது. வெளிப்புறத் துளைக்கு மிக அருகில் ஒரு தோல் நரம்பு ஓடுவதால் இப்படி நேரலாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

மூட்டுக்குள் உதிர்ந்து மிதக்கும் எலும்பு அல்லது குருத்தெலும்புத் துணுக்குகளை எடுப்பதற்கும் இந்த முறை நன்கு பொருந்தும். கீழ்க்கால் எலும்புக்கு அடியில் கணுக்கால் மூட்டில் இருக்கும் தாலஸ் எலும்பின் மேற்பரப்பில் குருத்தெலும்பு பெயர்ந்து, குழி ஏறத்தாழ 15 மில்லிமீட்டருக்குள் இருந்தால், அதைச் சுத்தம் செய்து அடியெலும்பில் நுண்ணிய துளைகள் இடுவார்கள். அதற்குப் பிறகு பல வாரங்கள் காலை முழுமையாக ஊன்றக் கூடாது என்பதை வேலைக்குப் போகிறவர்கள் கணக்கில் கொள்ள வேண்டும். வேகப்பந்து வீச்சாளர்களுக்கும் பாலே ஆடுவோருக்கும் கணுக்காலின் பின்புறத்தில் எலும்பு நெரிபட்டு வரும் வலிக்குப் பின்பக்கத் துளைகள் வழியாகவே சிகிச்சை செய்கிறார்கள். ஆனால் காய்ச்சலோடு மூட்டு வீங்கிச் சூடாகி, காலை ஊன்றவே முடியவில்லை என்றால், நான் சொன்ன காத்திருப்பு அங்கே பொருந்தாது. மூட்டுக்குள் சீழ் பிடித்திருந்தால் உடனே கழுவி வெளியேற்றியாக வேண்டும்.

என் அக்காவின் கதை வேறு. பழைய எலும்பு முறிவுக்குப் பிறகு அவருக்குக் கணுக்கால் மூட்டு முழுவதுமே தேய்ந்து, எக்ஸ்ரேயில் இடைவெளியே தெரியாத நிலை. ஒரு மருத்துவமனையில், துளை வழியாக உள்ளே சுத்தம் செய்தால் சரியாகிவிடும் என்றார்கள். கடன் வாங்கிச் செய்தோம். சில வாரங்களில் அதே வலி திரும்பியது. முழுவதும் தேய்ந்த மூட்டில் சுத்தம் செய்வது நிலையான பலன் தராது என்பதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை. பிறகு வேறிடத்தில் மூட்டை இணைத்து அசையாமல் செய்தார்கள், வலி நின்றது. பெரிய கோணல் இல்லாத கால்களில் அந்த இணைப்பையும் நுண்துளை வழியாகவே செய்ய முடிகிறது. ஆகவே கருவியையோ மருத்துவர்களையோ நான் பொதுவாகக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

1931இல் நியூயார்க் மருத்துவர் மைக்கேல் பர்மன், சடலங்களில் சோதித்துப் பார்த்து, கணுக்கால் இந்த நுண்துளை முறைக்கு ஏற்ற மூட்டு அன்று, இடம் மிகக் குறுகியது என்று எழுதினார். கருவிகள் மெலிந்த பிறகு, 1972இல் ஜப்பான் மருத்துவர் மசாகி வத்தனாபே அது முடியும் என்று காட்டினார். ஆனாலும் மூட்டின் குறுகல் மாறிவிடவில்லை. முழங்காலில் கைதேர்ந்தவர் என்பதோடு நில்லாமல், கணுக்காலில் வழக்கமாகச் செய்கிறவரா என்று விசாரியுங்கள்.

உங்களுக்கு வலியைவிடக் கால் அடிக்கடி பிசகுவதே தொல்லை என்றால், தசைநார் தளர்வைத் தனியே பார்க்கச் சொல்லுங்கள். மூட்டின் உள்ளே சுத்தம் செய்வதால் மட்டும் அது நிற்காது. நீரிழிவோ காலில் இரத்த ஓட்டக் குறைவோ இருந்தால், அந்தச் சிறு துளைகளும் ஆறத் தாமதமாகலாம் என்பதால், நாள் குறிக்கும் முன்பே அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.