கையெழுத்துப் போட்டு வாங்கிய பணம்

கேள்வி: என் அப்பாயி ஸ்பெஷல் நாடகங்களில் ஸ்திரீபார்ட், அதாவது கதாநாயகி வேடம். 1961-இல் முதல் படம். பிறகு ஆறேழு படங்களில் அம்மா வேடம். நினைவு மலர் போடுகிறோம். நாடகக் காலத்தை விட்டுவிட்டு முதல் படத்திலிருந்து தொடங்கச் சொல்கிறார் பெரியப்பா. அப்பாயியின் பெட்டியில் நாடக நோட்டீஸ்கள் இருந்தன. பெரியப்பா காலேஜ் ஹாஸ்டலில் இருந்தபோது அவருக்கு அப்பாயி அனுப்பிய மணியார்டர் ரசீதுகளும் ஒரு கட்டு; அவற்றைப் பழைய பேப்பரோடு போட்டிருக்கிறோம். எப்படி எழுதுவது?
- ஒரு பேத்தி, திருச்சி

பதில்: முதலில் எழுந்து போய் அந்தக் கட்டைப் பழைய பேப்பரிலிருந்து எடுங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

நோட்டீஸைப் பத்திரப்படுத்திவிட்டு ரசீதை எடைக்குப் போடப் பார்த்திருக்கிறீர்களே! நோட்டீஸில் பல சமயம் வருஷமே இருக்காது. 'ஜனவரி 14, சனி இரவு' என்று மட்டும் இருந்தால் அது 1950-ஆ, 1956-ஆ, 1961-ஆ? மூன்றிலும் அந்தத் தேதி சனிக்கிழமைதான். ரசீதில் பணம் கட்டிய தபாலாபீஸின் முத்திரை தேதியோடு இருக்கும். அப்பாயி விடிய விடிய ஆடிவிட்டு, பஸ் ஏறுமுன் அந்த ஊரிலேயே கட்டிய பணமாக இருக்கலாம். தேதிவாரியாக அடுக்கி, நோட்டீஸ்களோடு ஒத்துப் பாருங்கள். அவர் போன ஊர்கள் வரிசையாக வரும். முத்திரை தேய்ந்திருந்தால் தொகையைப் பாருங்கள். அணாக் கணக்கு என்றால் 1957 ஏப்ரலுக்கு முந்தியது. ஈரத்துணி படக்கூடாது, மசி கரைந்துவிடும். செல்லோடேப், லாமினேஷன் இரண்டும் வேண்டாம். இரு பக்கமும் படம் எடுத்து, தனித்தனி உறையில் போட்டு, உறைமேல் எண் எழுதுங்கள்.

ரசீதுக் கட்டுக்குள் இன்னொன்றும் இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் மணியார்டரை வாங்கியவர் கையெழுத்துப் போட்ட ஒப்புகைச் சீட்டு, அனுப்பியவருக்கே திரும்பி வரும். அதில் யார் கையெழுத்து என்று பார்த்தீர்களா? முதல் படம் 1961. அதற்கு முன் பெரியப்பா கையெழுத்துப் போட்டு வாங்கிய ஒவ்வொரு ரூபாயும் மேடையில் சம்பாதித்தது. வாங்கும்போது கசக்காத பணம் இப்போது மட்டும் ஏன் கசக்கிறது? தாய் ஆடிய காசில் படித்த பிள்ளைக்கு அந்த மேடையை மறைக்கும் உரிமை கிடையாது. பெரியப்பாவைக் காட்டி நீங்களும் நழுவ வேண்டாம். கட்டைத் தூக்கிப் போட்டதில் உங்களுக்கும் பங்குண்டு.

மேடை இல்லாமல் சினிமா வந்திருக்காது. 1935-இல் 'நந்தனார்' படத்துக்கு கே.பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார்கள் என்றால், அது நாடக மேடையில் அவர் சேர்த்த பெயருக்குக் கொடுத்த விலை. மனோரமாவும் நாடகத்திலிருந்துதான் 1958-இல் படத்துக்கு வந்தார்.

ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை கிடையாது. கதாநாயகன் வேடம் போடும் ராஜபார்ட் ஓர் ஊர், சிரிக்க வைக்கும் பபூன் ஓர் ஊர். அன்றைக்கு ராத்திரிதான் ஒன்று சேர்வார்கள். வள்ளி திருமணத்தில் நாரதரோடு நடக்கும் தர்க்கத்தில் எதிராளி என்ன கேட்பார் என்று தெரியாமலே வள்ளி பதில் சொல்லியாக வேண்டும். இதை விரிவாக எழுதுங்கள். அந்தக் காலத்து ஆர்மோனியக்காரர் யாராவது இருந்தால், அப்பாயி எத்தனை கட்டை சுருதியில் பாடினார் என்று கேட்டு அதையும் சேருங்கள்.

படங்களுக்கு அரைப் பக்கம் போதும். படத்தோடு அந்தக் காலத்தில் விற்ற பாட்டுப் புத்தகத்தில் நடிகர் பட்டியல் இருக்கும். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் தேடுங்கள்.

மலரின் முதல் பக்கத்தில் அந்த ஒப்புகைச் சீட்டு ஒன்றைப் போடுங்கள். அச்சுக்குக் கொடுக்குமுன் பெரியப்பாவிடம் நீட்டி, அது எந்த மாசத்து ஹாஸ்டல் பீஸ் என்று அவரையே கேளுங்கள்.