நிரல் திறந்திருந்தால் திருடனுக்கும் வசதிதானே?

கேள்வி: ஓப்பன் சோர்ஸ் மென்பொருளின் மூலநிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்கிறார்கள். திருடனும் படிப்பானே! எனக்கோ நிரல் படிக்கத் தெரியாது. எதை வைத்து நம்புவது?

பதில்: படிப்பான், சந்தேகமில்லை. நிரலை மூடிவைத்தாலும் அவன் சும்மா இருப்பதில்லை. ஓடும் மென்பொருளையே பிரித்துப் பார்த்து ஓட்டையைத் தேடுவான். மூடிவைப்பதால் கண் கட்டப்படுவது, நல்லெண்ணத்தோடு சோதிக்க வரும் வெளியாளுக்குத்தான்.

அந்த வெளியாள் எவ்வளவு முக்கியம் என்று 2024 மார்ச்சில் பார்த்தோம். லினக்ஸ் இயங்குதளத்தில் கோப்புகளைச் சுருக்க உதவும் எக்ஸ்இசட் யூட்டில்ஸ் என்ற கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், பராமரிப்பாளராக இடம்பிடித்திருந்த ஒருவரே புறவாசல் (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) வைத்துவிட்டார். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், வேறொரு கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாவதைக் கவனித்தார். அந்தக் கருவியின் ஆக்கத்தில் அவருக்குப் பங்கில்லை. ஆனால் நிரல் கைக்கெட்டியதால் தாமதத்தின் வேர்வரை போய்ப் பார்த்து, மார்ச் 29 அன்று பகிரங்கமாக அறிவித்தார்.

அதற்காக, திறந்திருக்கிறதே, யாராவது படித்திருப்பார்கள் என்று இருந்துவிடாதீர்கள். இணையத் தொடர்பை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற திறந்த மென்பொருளின் ஹார்ட்பிளீட் பிழை 2012இல் வெளியான பதிப்பிலேயே இருந்தது; வெளிச்சத்துக்கு வந்தது 2014 ஏப்ரலில். கடைசிப் பதிப்பு எப்போது வந்தது, பராமரிப்பவர் ஒருவரா பலரா, பாதுகாப்புப் பிழையைத் திருத்த எத்தனை நாள் ஆகிறது என்று பாருங்கள். இதற்கு நிரல் படிக்கத் தெரிய வேண்டியதில்லை.

கேள்வி: பதிவிறக்கிய கோப்பு அசல்தானா என்று எப்படிச் சோதிப்பது?

பதில்: திட்டத்தின் தளத்தில் 64 எழுத்துள்ள ஷா256 மதிப்பு, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாளக் குறி, இருக்கும். லினக்ஸில் ஷா256சம் கட்டளையும் விண்டோஸில் சர்ட்யூட்டில் கட்டளையும் உங்கள் கோப்புக்கு அதே மதிப்பைக் கணக்கிட்டுத் தரும். விண்டோஸில் கடைசியில் ஷா256 என்று சேர்க்க மறந்தால் அதன் பழைய வகையான 40 எழுத்துள்ள ஷா1 வந்து நிற்கலாம். பொருந்தவில்லையே என்று பதற வேண்டாம். சரியாகக் கணக்கிட்டும் ஓர் எழுத்து மாறினால், கோப்பு பாதியில் அறுந்திருக்கிறது அல்லது யாரோ கை வைத்திருக்கிறார்கள். நிறுவாமல் அழித்துவிடுங்கள்.

தளமே களவாடப்பட்டால் இந்த மதிப்பையும் மாற்றிவிடலாம். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டின் தளத்துக்குள் புகுந்தவர்கள், பதிவிறக்க இணைப்பைப் புறவாசல் வைத்த கோப்புக்குத் திருப்பினார்கள். அதனால், வெளியிட்டவர் தன் மின்சாவியால் கோப்புக்கு இடும் ஜிபிஜி கையொப்பத்தையும் சரிபாருங்கள். ‘கையொப்பம் சரி’ என்பதோடு ‘இந்தச் சாவி சான்றளிக்கப்படவில்லை’ என்ற எச்சரிக்கையும் வரும். அது கோப்பின் குறையல்ல. அந்தச் சாவியை நீங்கள் இன்னும் உறுதிசெய்யவில்லை என்றே பொருள். சாவியின் 40 எழுத்துக் கைரேகையை வேறோர் இடத்திலிருந்து எடுத்து ஒப்பிடுங்கள்.

கையொப்பம் சொல்வது கோப்பைத் தந்தவர் யார் என்பதை மட்டுமே. எக்ஸ்இசட் தொகுப்பில் கையொப்பமிட்டவர் புறவாசல் வைத்தவரேதான்! அதை உயிர்ப்பிக்கும் வரிகள் நிரலை எல்லோரும் பார்க்கும் பொதுக் களஞ்சியத்தில் இல்லை, பதிவிறக்கத் தந்த வெளியீட்டுத் தொகுப்பில்தான் இருந்தன. இந்த இடைவெளியை அடைக்க, களஞ்சியத்தின் நிரலிலிருந்தே யார் கட்டினாலும் (இயங்கும் கோப்பாக மாற்றினாலும்) பிட் மாறாமல் ஒரே கோப்பு கிடைக்க வேண்டும். லினக்ஸின் இன்னொரு வகையான டெபியன் பல ஆண்டுகளாக இந்த மறுகட்டுமானச் சோதனையில் உழைக்கிறது. கைப்பேசிச் செயலிகளுக்கு, திறந்த செயலிகளைத் தரும் எஃப்-டிராய்டு தளத்தைப் பாருங்கள். அங்கே செயலிகளை மூலநிரலிலிருந்து எஃப்-டிராய்டு குழுவினரே கட்டுகிறார்கள்.