தெருப் பூனைக்குச் சிறுநீரகம் பழுதானால்: கேள்வியும் பதிலும்

அரசுக் கால்நடை மருந்தகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது காட்பாடியில் இருக்கிறேன். தெருவிலிருந்து எடுத்து வந்த பூனைக்கு நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு என்று தெரிந்தால் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று பலர் கேட்டிருந்தீர்கள். கேட்டவர்களின் ஊர்ப் பெயரைப் போட்டு, வந்த வரிசையில் பதில் எழுதுகிறேன். மருந்தின் அளவைப் பூனையைத் தொட்டுப் பார்த்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அதை மட்டும் என்னிடம் கேட்க வேண்டாம்.

சத்துவாச்சாரி: கோட்டை அகழி ஓரம் கிடந்த வயதான பெண் பூனை, டாக்டர் அம்மா. எலும்பும் தோலுமாக இருந்தது. ஓயாமல் தண்ணீர் குடிக்கிறது. கிரியேட்டினின் 4.2 என்று வந்திருக்கிறது. இன்னும் எத்தனை நாள் இருக்கும்?

பதில்: கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு; சிறுநீரகம் கெட்டால் அது ரத்தத்தில் ஏறும். ஆனால் அந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு நாள் குறிக்க முடியாது. கால்நடை மருத்துவர்கள் பின்பற்றும் ஐரிஸ் (IRIS) என்ற சர்வதேசச் சிறுநீரக அமைப்பின் அட்டவணைப்படி பூனைக்குக் கிரியேட்டினின் 1.6-க்குக் கீழே இருந்தால் முதல் நிலை, 2.8 வரை இரண்டாம் நிலை, 2.9 முதல் 5 வரை மூன்றாம் நிலை. அதற்கு மேல் நான்காம் நிலை. உங்கள் பூனை மூன்றாம் நிலையில் இருப்பதாகத் தெரிகிறது. ஆனால் தெருவிலிருந்து வரும் பூனை பெரும்பாலும் உடலில் நீர் வற்றித்தான் வரும். நீர் வற்றினாலே கிரியேட்டினின் ஏறும். அதனால் முதலில் நீரை ஏற்றி, சாப்பிட வைத்து, ஓரிரு வாரம் கழித்து மறுபடியும் ரத்தம் எடுங்கள். அப்போது வரும் எண்தான் உண்மையான நிலை. 4.2-ல் வந்த பூனை 3-க்கு இறங்குவதும் உண்டு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. எலும்பும் தோலுமான பூனைக்குத் தசையே இல்லாததால் எண் குறைவாகக் காட்டி ஏமாற்றும். ஆகவே சிறுநீரின் அடர்த்தி, பாஸ்பரஸ், பொட்டாசியம், ரத்தச் சோகை, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிறுநீரில் கிருமித் தொற்று இருக்கிறதா என்பதையும் விடாதீர்கள். போன சிறுநீரகம் திரும்ப வராது; ஆனால் தொற்றினால் கூடியிருக்கும் பாதிப்பு மருந்துக்குக் குறையும். மூன்றாம் நிலையில் உள்ள பூனை, நன்றாகப் பார்த்துக்கொண்டால் மாதக்கணக்கில், பல நேரம் வருடக்கணக்கில் வாழும். மனம் தளர வேண்டாம்.

வாலாஜாபேட்டை: சிறுநீர் தாராளமாகப் போகிறதே, சிறுநீரகம் எப்படிக் கெட்டிருக்கும்? மணல் தட்டில் பெரிய பெரிய கட்டியாக இருக்கிறது.

பதில்: அந்தப் பெரிய கட்டிதான் நோயின் அடையாளம். நல்ல சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு கழிவை மட்டும் அடர்த்தியாக வெளியே தள்ளும். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பழுதானதும் அந்தத் திறமை போய்விடுகிறது. தண்ணீர் அப்படியே வெளியேறுகிறது. இழந்ததை ஈடுகட்டத்தான் பூனை குடித்துக்கொண்டே இருக்கிறது. ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறுவது அதற்கும் பிறகு, முக்கால் பங்கு போன நிலையில்தான். "நிறையக் குடிக்கிறது, நல்லதுதானே" என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர் அதிகம் போகிறதே என்று தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைப்பவர்களும் உண்டு, அது கொடுமை.

திருப்பத்தூர்: வீட்டிலேயே தோலுக்கடியில் நீர் ஏற்றச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். கை நடுங்குகிறது, அம்மா.

பதில்: இதைக் கற்றுக்கொண்டால் பாதிப் பாரம் குறையும், அதனால் விரிவாகவே எழுதுகிறேன். மருத்துவர் எழுதிக் கொடுத்தது ரிங்கர் லாக்டேட் என்ற உப்பு நீர்தானா என்று பாட்டில் மீது படித்துப் பாருங்கள். மருந்துக்கடையில் அது இல்லையென்று குளுக்கோஸ் பாட்டிலைக் கொடுத்தால் வாங்காதீர்கள்; டெக்ஸ்ட்ரோஸ் என்ற அந்தச் சர்க்கரை நீர் தோலுக்கடியில் போகக் கூடாது.

பாட்டிலை ஜன்னல் கம்பியில் உங்கள் தலை உயரத்துக்கு மாட்டுங்கள். குழாயில் உள்ள காற்று போகும்வரை கொஞ்சம் நீரை வெளியே விடுங்கள். பூனையை மடியில் அல்லது மேசையில் ஒரு துண்டின் மீது, முகம் உங்களுக்கு எதிர்ப்புறம் பார்க்க உட்கார வையுங்கள். இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைத் தூக்கினால் கூடாரம் போல நிற்கும். அந்தக் கூடாரத்தின் அடிவாயில், ஊசியின் சரிந்த முகம் மேலே இருக்கும்படி, முதுகுக்கு இணையாகக் குத்துங்கள். மெதுவாகத் தயங்கித் தயங்கிக் குத்தினால்தான் வலிக்கும். ரோமம் நனைந்தால் ஊசி மறுபக்கம் வந்துவிட்டது என்று பொருள். வெளியே எடுத்து, புது ஊசி மாற்றி, மறுபடியும் குத்துங்கள். ஒரு ஊசியை ஒரு முறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது.

நடுத்தர எடையுள்ள பூனைக்கு ஒரு வேளைக்கு 75 முதல் 150 மில்லி வரை ஏற்றுவது வழக்கம். உங்கள் பூனைக்கு எவ்வளவு, வாரத்தில் எத்தனை நாள் என்பதை மருத்துவர் சொல்வார். முடிந்ததும் முதுகில் ஒரு திமில் நிற்கும். அது கீழே சரிந்து ஒரு முன்னங்காலில் தொங்கும். பயப்படாதீர்கள், சில மணி நேரத்தில் உடம்பு இழுத்துக்கொள்ளும். அடுத்த வேளை வந்தும் வற்றாமல் இருந்தாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ அன்று ஏற்றாமல் மருத்துவருக்குத் தெரிவியுங்கள். இதயக் கோளாறு உள்ள பூனைக்கு இந்த நீரே ஆபத்தாகும். மார்கழிக் குளிரில் பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது நேரம் வைத்து எடுங்கள். நம் ஊர்க் கத்திரி வெயிலில் அது தேவையில்லை. பாட்டிலை மாடி அறையில் வேக விடாமல் நிழலில் வைத்தால் போதும்.

அரக்கோணம்: பால் தரலாமா?

பதில்: வேண்டாம். பாஸ்பரஸ் அதிகம், வயிற்றுப்போக்கும் வரும், இருக்கிற நீரும் போய்விடும்.

வேலப்பாடி: காய்ச்சல் போல இருந்தது. வீட்டில் இருந்த 500 மில்லிகிராம் பாரசிட்டமாலில் பாதி கொடுத்தேன். இன்னும் கொடுக்கலாமா?

பதில்: படிப்பதை நிறுத்திவிட்டு இப்போதே பூனையைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள். அந்தப் பாதி மாத்திரையே பூனையைக் கொல்லும் அளவு. பாரசிட்டமாலை முறிக்கும் வேதிச்செயல் பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் தன்மையை இழக்கும், ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும். மாற்று மருந்து இருக்கிறது, நேரம்தான் இல்லை. என்ன கொடுத்தீர்கள், எத்தனை மணிக்கு என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

மற்ற எல்லோருக்கும்: பாரசிட்டமால், டைக்ளோபெனாக், ஐபுபுரூபென் எதையும் உங்கள் மருந்துப் பெட்டியிலிருந்து எடுத்துப் பூனைக்குக் கொடுக்காதீர்கள். கால் துண்டு கூட வேண்டாம்.

ஆம்பூர்: எங்கள் பூனை எதையும் தொடுவதில்லை. பிரியாணிக் கறியை மட்டும் முகர்கிறது. கழுவிக் கொடுக்கலாமா?

பதில்: கழுவினாலும் வெங்காயமும் பூண்டும் போகாது. அவை சிவப்பணுக்களைச் சிதைக்கும். சிறுநீரகம் கெட்ட பூனைக்கு ஏற்கெனவே ரத்தச் சோகை இருக்கலாம். வீட்டில் கறி சமைக்கும்போது, மசாலா சேர்க்கும் முன் எலும்பில்லாத நாலு துண்டு கோழியை எடுத்து உப்பில்லாமல் வேக வைத்துக் கொடுங்கள். சாப்பிடாததற்குக் காரணம் பெரும்பாலும் குமட்டல்தான். உணவுக்கு அருகில் வந்து, முகர்ந்து, உதட்டை நக்கிவிட்டுத் திரும்பிப் போனால் அது பிடிவாதம் அல்ல, குமட்டல். அதற்கு நல்ல மருந்துகள் உண்டு. இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் பூனையின் கல்லீரலில் கொழுப்பு படிந்து அதுவே உயிருக்கு உலை வைக்கும். பாஸ்பரஸ் குறைந்த சிறுநீரக உணவு மிக நல்லது, ஆயுளைக் கூட்டும். ஆனால் முதலில் ஏதாவது உள்ளே போகட்டும். பிறகு சிறிது சிறிதாக மாற்றலாம்.

சைதாப்பேட்டை, வேலூர்: நாங்கள் சைவம். தயிர்சாதம் மட்டும் போதுமா?

பதில்: போதாது. டாரின் என்ற சத்தைப் பூனையால் தேவையான அளவு உடலில் உண்டாக்கிக்கொள்ள முடியாது. அது இறைச்சியில்தான் இருக்கிறது. குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். வீட்டில் சமைக்க மனம் வராவிட்டால் கடையில் விற்கும் ஈர உணவைப் பிரித்துக் கொடுங்கள்.

குடியாத்தம்: எனக்குச் சிறுநீரகக் கல் வந்தபோது வாழைத்தண்டுச் சாறும் நெருஞ்சிலும் சிறுபீளையும் குடித்தேன், கல் கரைந்து போயிற்று. பூனைக்கு மட்டும் ஏன் ஊசியும் பாட்டிலும்?

பதில்: ஐயா, உங்களுக்கு இருந்தது கல், அது ஒரு அடைப்பு. இந்தப் பூனைக்கு இருப்பது வடிகட்டும் இழைகளே அழிந்துபோன நிலை. நீங்கள் சொன்ன மூலிகைகள் சிறுநீரைப் பெருக்கவே கொடுக்கப்படுகின்றன. இந்தப் பூனையோ தேவைக்கு மேல் சிறுநீர் கழித்து வற்றிக்கொண்டிருக்கிறது. அதை இன்னும் பெருக்கினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

வாணியம்பாடி: குடியாத்தம் ஐயா சொல்வது சரி. மூலிகை என்றால் பக்கவிளைவு இல்லை.

பதில்: அந்த நம்பிக்கைதான் என்னைப் பயமுறுத்துகிறது. நம் வரப்பிலேயே வளரும் ஆடுதீண்டாப்பாளையில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. அது மனிதர்களின் சிறுநீரகத்தை அழிக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் உண்டாக்கும் என்பது நிரூபணமான செய்தி. அதுவும் மூலிகைதான்.

குடியாத்தம்: ஆங்கில மருந்தும் குணப்படுத்தாது என்று நீங்களே எழுதினீர்களே. பிறகு என்ன வித்தியாசம்?

பதில்: நியாயமான கேள்வி. குணப்படுத்தாது என்று ஒப்புக்கொண்டுதான் சிகிச்சையே தொடங்குகிறது. நீர் ஏற்றினோம், பாஸ்பரஸைக் குறைத்தோம், அழுத்தத்தைக் கட்டினோம். பலன் உண்டா என்று மறுபடியும் அளந்து பார்க்கிறோம், இல்லையென்றால் மாற்றுகிறோம். மனிதர்களுக்குச் சித்த மருத்துவம் என்ன செய்யும் என்பது என் துறை அல்ல. அதில் நான் வாய் திறக்க மாட்டேன். மூன்று கிலோ எடையுள்ள பூனையின் வாயில் அளவு தெரியாத சாற்றை ஊற்றாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

குடியாத்தம்: சரி அம்மா. நான் தறிக் கூலியில் வாழ்பவன். எல்லாப் பரிசோதனைக்கும் பணம் இல்லை. எதை முதலில் செய்வது?

பதில்: இதை முதலிலேயே கேட்டிருக்கலாம், ஐயா, வெட்கப்பட ஒன்றுமில்லை. அரசுக் கால்நடை மருந்தகத்தில் பூனையைக் காட்டுங்கள். ரத்தத்தில் கிரியேட்டினின், பாஸ்பரஸ், பொட்டாசியம் மூன்றும், சிறுநீரின் அடர்த்தியும் முதலில் போதும். வாரம் ஒரு முறை மளிகைக் கடைத் தராசில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். செலவில்லாத பரிசோதனை அது. ஸ்கேன் வேண்டும் என்று சொன்னால் காட்பாடியிலிருந்து ரயிலில் சென்னை போய் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டலாம். 1903 முதல் இயங்கும் நிலையம் அது.

ராணிப்பேட்டை: மூலிகைச் சண்டை இருக்கட்டும். எங்கள் பக்கத்தில் மூடிய குரோமேட் தொழிற்சாலையின் கழிவு, தோல் தொழிற்சாலை நீர் எல்லாம் நிலத்தடியில் இறங்கியிருக்கிறது. பூனைக்குச் சிறுநீரகம் போனதற்கு அதுதானே காரணம்?

பதில்: குரோமேட் கழிவில் இருக்கும் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், உண்மை. உங்கள் கோபமும் நியாயமானது. ஆனால் வயதான பூனைகளுக்கு இந்த நோய் மாசில்லாத ஊர்களிலும் மிகச் சாதாரணமாக வருகிறது. உங்கள் பூனைக்கு அதனால்தான் வந்தது என்று நான் எழுதிக் கொடுக்க முடியாது. நீங்கள் குடிக்கும் தண்ணீரையே அதற்கும் வையுங்கள். மூலைக்கு ஒன்றாக நாலு அகலமான கிண்ணம் வையுங்கள், உணவுக்குப் பக்கத்தில் வேண்டாம்.

பாகாயம்: 1971-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை நடந்தது. பூனைக்குச் செய்ய முடியாதா?

பதில்: அமெரிக்காவில் சில கால்நடை மருத்துவமனைகளில் செய்கிறார்கள். இங்கே வழியில்லை. இன்னொரு தெருப் பூனையின் சிறுநீரகத்தை அதனிடம் கேட்காமல் எடுக்க வேண்டும் என்பதால் எனக்கு மனமும் இல்லை.

சோளிங்கர்: ஆண் பூனை நேற்றிலிருந்து முக்குகிறது, சிறுநீர் வரவில்லை.

பதில்: இது வேறு நோய்: அடைப்பு. இன்றே மருத்துவமனை, நாளை என்றால் தாமதம்.

ஆற்காடு: நீர் ஏற்றும்போது கடித்துவிட்டது.

பதில்: சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி பூனைக்கடிக்கும் உண்டு. இது என்னிடம் கேட்டுக் காத்திருக்கும் விஷயம் அல்ல.

காவேரிப்பாக்கம்: பாலில் தண்ணீர் கலந்து கொடுத்தால்?

பதில்: அரக்கோணத்துக்கு எழுதியதைப் படியுங்கள்.

தொரப்பாடி: ஒரே இரவில் கண் தெரியவில்லை. சுவரில் முட்டுகிறது. கருவிழி பெரிதாக விரிந்திருக்கிறது.

பதில்: ரத்த அழுத்தம் ஏறி விழித்திரை விலகியிருக்கலாம். சிறுநீரக நோயில் இது அடிக்கடி வரும். அழுத்தத்தை அளந்து அதைக் குறைக்கும் அம்லோடிபின் மருந்தைத் தொடங்கினால், சீக்கிரம் வந்திருந்தால், ஓரளவு பார்வை திரும்பலாம். உங்கள் வீட்டுப் பெரியவரின் மாத்திரையை உடைத்துக் கொடுக்கத் தோன்றும். கொடுக்காதீர்கள். பாரசிட்டமாலுக்குச் சொன்னதுதான் இதற்கும்: பெயர் ஒன்றாக இருந்தாலும் அளவு உங்கள் கையில் இல்லை.

ஜோலார்பேட்டை: எப்போது போதும் என்று முடிவு செய்வது? எனக்குக் கேட்கவே பாவமாக இருக்கிறது.

பதில்: பாவம் இல்லை, அம்மா. எண்ணைப் பார்க்காதீர்கள், பூனையைப் பாருங்கள். குமட்டல் மருந்தும் நீரும் கொடுத்த பிறகும் சாப்பாட்டைப் பார்த்து முகம் திருப்புகிறதா, வாயில் புண்ணோடு சிறுநீர் வாடை வீசுகிறதா, தன் உடலை நக்கிச் சுத்தம் செய்வதை விட்டுவிட்டதா, தட்டு வரை நடக்க முடியாமல் படுத்த இடத்திலேயே போகிறதா? நல்ல நாள்களை விடக் கெட்ட நாள்கள் கூடினால் மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். முதலில் மயக்கம் கொடுத்து, பிறகு கருணைக்கொலை ஊசி போடச் சொல்லுங்கள். அதற்கு முன் பொட்டாசியம் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். கழுத்தைத் தூக்க முடியாமல் தலை தொங்கும் பூனை, பொட்டாசியம் குறைந்ததால் மட்டும் அப்படி இருக்கலாம். அதைச் சரி செய்துவிடலாம்.

பள்ளிகொண்டா, நெமிலி, மறுபடியும் வாலாஜாபேட்டை: பரிசோதனை அறிக்கை அனுப்பியிருக்கிறோம், பார்த்துச் சொல்லுங்கள்.

பதில்: பார்த்தேன். மூன்றிலும் பாஸ்பரஸ் பரிசோதனை இல்லை, இரண்டில் சிறுநீர்ப் பரிசோதனையே இல்லை. ஆய்வகத்தில் கேட்டு அவற்றையும் எடுத்து அனுப்புங்கள். பூனையின் எடை, கடைசியாக எப்போது சாப்பிட்டது, இப்போது கொடுக்கும் எல்லா மருந்துகளின் பெயர் ஆகியவற்றையும் தாளின் மேலேயே எழுதிவிடுங்கள்.